மூக்கு ஒழுகும்போது வலி ஸ்பிரே ஏறுமா? ஒவ்வாமையும் ஓபியாய்டு மூக்கு மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் மார்ச் கடைசியில் மரங்களின் மகரந்தம் பறக்கத் தொடங்கும். மே நடுவிலிருந்து ஜூலை வரை புல் மகரந்தம். அந்த நாலு மாதமும் நான் வேலை பார்க்கும் ஃபார்மசியில் பாதிப் பேர் கண்ணைத் தேய்த்துக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். அவர்களில் சிலர் வீட்டில் புற்றுநோயாளி இருப்பார், அவருக்கு வலிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருப்பார்கள். “மூக்கே அடைச்சிருக்கு, மருந்து எங்கே போகும்?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதையும் அதை ஒட்டி வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: இதைப் படித்துவிட்டு யாரும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அது எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

எந்த ஸ்பிரேக்களைப் பற்றிய பேச்சு இது?

முக்கியமாக ஃபென்டனில். மார்ஃபின் வகையறாவைச் சேர்ந்த, ஆனால் அதைவிடப் பல மடங்கு வீரியமான வலி மருந்து. மில்லிகிராமில் அளக்கிற மருந்தில்லை இது, மைக்ரோகிராம் கணக்கு. மூக்கில் அடிப்பதற்கென்று இரண்டு பெயர்களில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது: 2009இல் இன்ஸ்டனில், 2010இல் பெக்ஃபென்ட். இந்தப் பெக்ஃபென்ட்டே 2011இல் அமெரிக்காவில் லசாண்டா என்ற பெயரில் அனுமதி பெற்றது. இன்ஸ்டனில் ஒரு அடிக்கு 50, 100, 200 மைக்ரோகிராம். பெக்ஃபென்ட் 100, 400. ஒன்றின் மைக்ரோகிராமை மற்றதன் மைக்ரோகிராமுக்கு ஈடாக வைக்க முடியாது. பெயர் மாறினால் அளவை முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

இவை எல்லா வலிக்கும் அல்ல. ஏற்கெனவே தினமும் மார்ஃபின் மாத்திரையோ தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டியோ போன்ற ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி) மருந்தில் இருக்கும் புற்றுநோயாளிக்கு, அதையும் மீறிச் சட்டென்று கிளம்பும் வலி வரும் அல்லவா, அதற்கு மட்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 மி.கி. வாய்வழி மார்ஃபின், அல்லது அதற்குச் சமமான ஒன்று, ஒரு வாரமாவது எடுத்துப் பழகிய உடம்பாக இருக்க வேண்டும். பழகாத உடம்பில் இதே ஸ்பிரே மூச்சை நிறுத்திவிடும். தலைவலிக்கு இரவல் கொடுக்கிற பொருள் இல்லை.

இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு: பியூட்டார்ஃபனால். 1991 முதல் அமெரிக்காவில் மூக்கு ஸ்பிரேயாகக் கிடைத்தது. ஒவ்வாமை பற்றிய ஆரம்பப் பாடங்களில் ஒன்று இதிலிருந்து வந்ததால் கீழே திரும்பவும் வரும்.

மாத்திரை இருக்க, மூக்கு ஏன்?

வேகம். இப்படிக் கிளம்பும் வலி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானே அடங்கும். வாய்வழி மார்ஃபின் வேலையைத் தொடங்குவதற்குள் வலி தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். மருந்து வந்து சேரும்போது மிச்சம் இருப்பது தூக்கக் கலக்கம்தான்.

மூக்கின் உட்புறத்தைக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு சின்ன இருட்டு ஓட்டைதான் தெரியும். உள்ளே மடிப்பு மடிப்பாகப் பரப்பு கிட்டத்தட்ட 150 சதுர சென்டிமீட்டர். அந்த மெல்லிய தோலுக்கு அடியிலேயே ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஃபென்டனில் கொழுப்பில் எளிதாகக் கரையும். அதனால் சவ்வைத் தாண்டுவது அதற்குச் சிரமமில்லை. தாண்டியதும் நேராக ரத்தம். வயிறு, கல்லீரல் என்ற சுங்கச் சாவடிகள் வழியில் இல்லை. இன்ஸ்டனில் அடித்தால் கால் மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்ச அளவு வந்துவிடும், கொடுத்ததில் ஏறத்தாழ 89 சதவீதம் போய்ச் சேரும். அதே ஃபென்டனிலை விழுங்கினால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும், அதுவும் தாமதமாக. மற்றதைக் குடலும் கல்லீரலும் சிதைத்துவிடும்.

பெக்ஃபென்ட்டில் ஒரு சின்ன நுட்பம் சேர்த்திருக்கிறார்கள். பெக்டின் கலந்திருக்கிறது. ஜாம் கட்டியாவதற்குக் காரணமான அதே பெக்டின்தான். மூக்கின் ஈரத்தில் இருக்கும் கால்சியம் பட்டதும் அது மெல்லிய கூழாக உறைந்து சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மருந்து வழிந்து தொண்டைக்குப் போவது குறையும்.

சரி, அலர்ஜியால் மூக்கு ஒழுகி அடைத்திருந்தால் மருந்து குறைவாகத்தானே ஏறும்?

அப்படித்தான் நானும் படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

பெக்ஃபென்ட்டை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், பருவ ஒவ்வாமை உள்ளவர்களை மகரந்தம் கலந்த காற்று உள்ள ஓர் அறைக்குள் உட்காரவைத்தார்கள். தும்மல், ஒழுகல், அடைப்பு எல்லாம் வந்தபின் ஸ்பிரே அடித்து, ரத்தத்தில் எவ்வளவு ஃபென்டனில் ஏறுகிறது என்று அளந்தார்கள். அதே ஆட்களை அறிகுறி எதுவும் இல்லாத நாளிலும் அளந்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இன்ஸ்டனிலைச் சாதாரண ஜலதோஷம் பிடித்தவர்களிடம் சோதித்தபோதும் மொத்தத்தில் ஏறிய அளவு மாறவில்லை. பியூட்டார்ஃபனாலிலும் அதே கதை: ஒவ்வாமை மூக்கிலும் நல்ல மூக்கிலும் ஏறும் அளவு ஒன்றுதான்.

ஆக, மூன்று மருந்துகளுக்கும் பதில் ஒன்று. மூக்கு ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் மருந்து ஏறவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அது எப்படி? அடைத்த குழாயில் தண்ணீர் போகாதே?

குழாய் என்று நினைப்பதில்தான் சறுக்கல். மூக்கடைப்பு என்பது பெரும்பாலும் சளி அடைத்துக்கொண்டு நிற்பது இல்லை. உள்ளே இருக்கும் மடிப்புகள் ரத்தம் தேங்கி வீங்கி, காற்று போகிற வழியைக் குறுக்குகின்றன. ஒவ்வாமையின்போது உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமின் செய்கிற வேலை அது. காற்றுக்கு வழி குறைகிறது, ஆனால் சவ்வுக்கு ரத்தம் கூடுதலாக வருகிறது, சவ்வும் சற்று இளகிக் கசிகிறது. மருந்தின் பார்வையில் இது கெட்ட செய்தி இல்லை. அதற்குக் காற்று வேண்டாம், ரத்தம்தான் வேண்டும்.

இன்னொரு பக்கம், ஒழுகும் நீர் மருந்தைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன என்று புரிந்துகொண்டால் போதும். ஃபென்டனில் மாதிரி சட்டென்று சவ்வைத் தாண்டுகிற மருந்துக்கு இது வாய்க்கிறது. கழுவிப் போவதற்குள் அது உள்ளே போயிருக்கும். எல்லா மூக்கு மருந்துக்கும் இதே விதியை நீட்ட வேண்டாம். சிறுநீர் அளவுமீறிப் போகும் ஒரு நோய்க்குத் தரும் டெஸ்மோபிரெசின் மூக்கு மருந்து வேறு ரகம், மூக்கு வீங்கினால் அது சீராக ஏறாது என்று அந்த மருந்தோடு வரும் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை உண்டு.

அப்படியானால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

மூக்கைத் திறக்க நீங்கள் வாங்கும் அந்தச் சின்னப் பாட்டிலைப் பார்த்து.

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின். இந்த இரண்டு பெயர்களில் ஏதாவது ஒன்று அட்டைப் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் ஓட்ரிவின், நாசிவியான், விக்ஸ் சைனெக்ஸ் என்று இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும், ஊரிலும் சரி, இங்கேயும் சரி. இவை மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ரத்தம் குறைகிறது, வீக்கம் வடிகிறது, இரண்டே நிமிடத்தில் “அப்பாடா” என்று மூச்சு வருகிறது. ஆனால் வலி மருந்தை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டியே அந்த ரத்தம்தான். வண்டியை நிறுத்திவிட்டுச் சரக்கு வரவில்லை என்று காத்திருப்பது போல ஆகிவிடும்.

எண்களைச் சொல்கிறேன். இன்ஸ்டனிலுடன் ஆக்ஸிமெட்டசோலின் சேர்ந்தபோது ரத்தத்தில் ஃபென்டனிலின் உச்ச அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உச்சத்தைத் தொட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பெக்ஃபென்ட்டில், மகரந்த அறையில் மூக்கு ஒழுகிய அதே ஆட்களுக்கு ஆக்ஸிமெட்டசோலின் கொடுத்தபோது உச்சம் தாழ்ந்தது, தாமதமும் ஆனது. பியூட்டார்ஃபனாலில் உச்சம் பாதியானது. மொத்தமாக ஏறிய அளவு என்னவோ அதேதான், மெதுவாக ஏறியது, அவ்வளவுதான்.

“மொத்தம் அதேதானே, பிறகென்ன?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சிலவகை மருந்துகளுக்கு மொத்தம் சரியாக இருந்தால் போதும். ரத்த அழுத்த மாத்திரை பத்து நிமிடம் தாமதமானால் யாருக்கும் தெரியாது. இங்கே வாங்குவதே வேகத்தைத்தான். அரை மணியில் அடங்கும் வலிக்கு, பாதி உச்சத்தோடு அரை மணி கழித்து வரும் மருந்தை வைத்து என்ன செய்வது?

ஆகவே பெக்ஃபென்ட், இன்ஸ்டனில் இரண்டின் குறிப்பேடும் சொல்வது: இரத்தக் குழாயைச் சுருக்கும் மூக்குத் திறப்பான்களை உடன் சேர்க்காதீர்கள். “காலையில் அடிச்சேன், வலி வந்தது மத்தியானம்” என்றும் தப்பிக்க முடியாது. சைலோமெட்டசோலின் 10 மணி நேரமும் ஆக்ஸிமெட்டசோலின் 12 மணி நேரமும் வரை வேலை செய்யக்கூடியவை. நாளுக்கு இரண்டு முறை அடிக்கிறவர் மூக்கு ஏறக்குறைய நாள் முழுக்கச் சுருங்கியே இருக்கும்.

விக்ஸ் இன்ஹேலரும் ஆகாதா?

பையில் வைத்து உறிஞ்சுவோமே, லிப்ஸ்டிக் மாதிரி இருக்கும் அந்தக் குழாய், நம் ஊர்க் கடையிலும் பிரிட்டன் கடையிலும் கிடைப்பது மெந்தால், கற்பூரம் வகை. அது ரத்தக் குழாயைச் சுருக்குவதில்லை. மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வைத் தருகிறது, அவ்வளவே. விக்ஸ் சைனெக்ஸ் வேறு பொருள், அதில் ஆக்ஸிமெட்டசோலின் இருக்கிறது. “விக்ஸ்தானே” என்று எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் நான் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். மேலே உள்ள பிராண்டை விட்டுவிட்டு உள்ளே என்ன என்று படியுங்கள்.

அளவு பிடிக்கும் காலத்தில் அலர்ஜி இருந்தால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஃபென்டனில் ஸ்பிரேயை யாருக்கும் எடுத்த எடுப்பில் உரிய அளவில் தருவதில்லை. இன்ஸ்டனில் என்றால் 50, பெக்ஃபென்ட் என்றால் 100 மைக்ரோகிராமில் தொடங்கி, வலி அடங்கும் அளவு வரை படிப்படியாக ஏற்றுவார்கள். அந்த நாட்களில் நோயாளி மூக்குத் திறப்பானும் அடித்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? 100 போதவில்லை. 200 போதவில்லை. 400இல் வலி அடங்குகிறது. அதுவே அவருடைய அளவு என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

ஜூலை போகிறது. மகரந்தம் போகிறது. திறப்பானைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். இப்போது அதே 400 முழு வேகத்தோடு ஏறும். முன்பு கண்ட உச்சத்தைப் போல் இரண்டு மடங்கு வரை போகலாம். மூச்சு மந்தமாகும் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை, அளவும் கூடவில்லை, மருந்தும் மாறவில்லை. மாறியது மூக்கு.

மூக்கழற்சி கடுமையாக இருக்கும்போது அளவு பிடித்தால் தப்பான அளவில் போய் நிற்க வாய்ப்பு உண்டு என்று லசாண்டாவின் அமெரிக்கக் குறிப்பேட்டில் இதைத் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அதனால் ஸ்பிரே தொடங்கும்போது, “மூக்குக்கு வேற ஏதாவது அடிக்கிறீங்களா?” என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மருந்துப் பட்டியலில் மூக்குச் சொட்டு மருந்தைச் சேர்ப்பதே இல்லை. அது மருந்து என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஏற்கெனவே திறப்பானோடு அளவு பிடித்தாயிற்று என்றால் அதை நிறுத்துவதற்கு முன் வலி மருத்துவக் குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள்.

நாள்கணக்கில் ஓட்ரிவின் அடித்துப் பழகிவிட்டது. நிறுத்தினால் மூக்கு மொத்தமாக அடைக்கிறதே?

ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் அடித்தவர்களிடம் இது நடக்கும். மருந்து இறங்கியதும் வீக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், திரும்ப அடிக்கத் தோன்றும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரச் சாதாரணமாகக் கொடுப்பது மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே. ஒவ்வொரு பக்கமாக நிறுத்தச் சொல்வதும் உண்டு. உங்கள் வீட்டில் ஃபென்டனில் ஸ்பிரேயும் இருந்தால் மேலே சொன்ன காரணத்துக்காக இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

ஸ்பிரே அடித்த உடனே தும்மல் வந்துவிட்டது. இன்னொன்று அடிக்கலாமா?

பெக்ஃபென்ட் என்றால், வேண்டாம். ஒரு வலிக்கு ஒரு முறைதான். அடுத்த வலிக்கு அடிக்கக் குறைந்தது 4 மணி நேரம் கழிய வேண்டும், நாளுக்கு 4 முறைக்கு மேல் போகக்கூடாது. தும்மலில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு ஏறியது என்று கண்ணால் அளக்க முடியாது. ‘போயிருக்கும்’ என்று நினைத்து இன்னொன்று அடித்தால், முதலாவதும் ஏறியிருந்தால் இரட்டை அளவு. வலி அடங்கவில்லை என்றால் மருத்துவக் குழு இதற்கென்று சொல்லி வைத்திருக்கும் மாற்று மருந்துக்குப் போங்கள். அப்படி ஒன்று சொல்லித் தரவில்லை என்றால் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மே மாதம் வருவதற்குள்.

இன்ஸ்டனிலில் கொஞ்சம் தளர்வு உண்டு. அதே வலிக்கு, முதல் அடியிலிருந்து 10 நிமிடமாவது கழித்து, ஒரே ஒரு முறை மறுபடியும் அடிக்கலாம். வலி அடங்காததற்காகத்தான் இந்தச் சலுகை, தும்மலுக்காக இல்லை. பிறகு அடுத்த வலிக்கு 4 மணி நேரம்.

தும்மல் வரும் போலிருந்தால் தும்மி முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் அடிப்பதுதான் நல்லது. அடித்த பிறகு உடனே மூக்கைச் சிந்தக்கூடாது. நேராக உட்கார்ந்து அடிக்க வேண்டும். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் மருந்து தொண்டைக்கு ஓடும். பலமாக உறிஞ்சினாலும் அப்படியே. நம்மவர்களுக்கு மூக்கில் மருந்து என்றாலே அண்ணாந்து படுப்பதுதான் பழக்கம், அதை இதில் விட வேண்டும்.

அடித்தது தெரியவே இல்லை. உள்ளே போனதா?

போன வருடம் ஜூனில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி தொலைபேசியில் பேசினார். அவர் அப்பாவுக்குப் பெக்ஃபென்ட். “அண்ணா, அப்பாவுக்கு மூக்கு ஒரே ஒழுகுது. ஸ்பிரே அடிச்சா ஒண்டும் தெரியேல்லை எண்டுறார். இன்னொண்டு அடிக்கவோ எண்டு கேக்கிறார்.” பின்னால் அப்பாவின் குரலும் கேட்டது, கொஞ்சம் கோபத்தோடு.

நான் பாட்டிலைக் கையில் எடுக்கச் சொன்னேன். அதில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், உள்ளே எண். “என்ன நம்பர்?” “அஞ்சு.” “அடிக்கிறதுக்கு முன்ன?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நாலு எண்டுதான் எழுதி வச்சிருக்கிறன்.” டிக் என்று சத்தம் கேட்டதா என்று அப்பாவிடம் கேட்டார். கேட்டதாம். அப்படியென்றால் மருந்து போயிற்று.

இந்த ஸ்பிரேயின் துளி அவ்வளவு மென்மையானது. ஒரு அடியில் வெளிவருவது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குதான். நல்ல மூக்குக்கே படாமல் போகலாம், ஈரமான மூக்குக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் உணர்வை நம்பாமல் டிக் சத்தத்தையும் எண் ஏறுவதையும் நம்பச் சொல்லி வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டிலில் 8 அடி, முடிந்ததும் அது பூட்டிக்கொள்ளும். அந்தத் தம்பி மாதிரி ஒரு தாளில் நேரத்தையும் எண்ணையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பது எனக்குத் தெரிந்து மிகவும் உதவிய பழக்கம்.

ஒரு பக்கம் மட்டும் அடைத்திருக்கிறது. எந்தப் பக்கம் அடிப்பது?

திறந்திருக்கும் பக்கம். அலர்ஜி இல்லாதவர்களுக்குமே சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடமும் வலமும் மாறி மாறிச் சற்று அடைக்கும், திறக்கும். அளவு இரண்டு அடி என்றால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துத்தான் அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டையும் கொட்டினால் கொள்ளாமல் தொண்டைக்கு வழியும்.

அலர்ஜிக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்கிறேன். அதை நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டியதில்லை. ஃப்ளூட்டிகசோன், பெக்ளோமெட்டசோன், மொமெட்டசோன் இவையெல்லாம் வீக்கத்தைத் தணிக்கிறவை, ஓட்ரிவின் மாதிரி ரத்தக் குழாயைச் சட்டென்று நெரிப்பவை அல்ல. நாள்தோறும் ஒரே நேரத்தில் அடித்து வந்தால் திறப்பான் தேவையே வராமல் போகலாம். அதனால் ஃபென்டனில் ஸ்பிரே வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வாமைக் காலத்தில் இதுதான் என் முதல் யோசனை. ஆனால் பலன் தெரிய சில நாட்களாகும். மகரந்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்குவது புத்திசாலித்தனம். இரண்டு ஸ்பிரேயையும் அடுத்தடுத்து அடிக்காதீர்கள். பெக்ஃபென்ட் அடிப்பதற்கு முன்னும் பின்னும் 15 நிமிடத்துக்குள் வேறு எந்த மூக்கு மருந்தும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் மூக்குக் கழுவுகிறவர்களும் இதே இடைவெளியை வைத்துக்கொண்டால் நல்லது, அடித்த கூழை நாமே கழுவிவிடக் கூடாதல்லவா.

இந்தக் கால் மணிக் கணக்கு ஓட்ரிவின் வகைக்குப் பொருந்தாது. அதற்குக் காரணம் மேலே சொல்லியாயிற்று.

அலர்ஜி மாத்திரை போடலாமா?

மாத்திரையால் மருந்து ஏறுவது கெடுமா என்று கேட்பார்கள். எனக்குக் கவலை வேறு இடத்தில். குளோர்ஃபெனிரமின் (இங்கே பைரிட்டன்), ஃபெனிரமின் (நம் ஊர் அவில்), புரோமெத்தசின், டைஃபென்ஹைட்ரமின் ஆகியவை தூங்கவைக்கும் பழைய ரகம். ஓபியாய்டும் தூங்கவைக்கும், கூடவே மூச்சின் வேகத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று நிற்காது. ஜலதோஷ சிரப்புகளிலும் இரவில் தூங்க உதவும் மாத்திரைகளிலும் இதே பெயர்கள் ஒளிந்திருக்கும்.

லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதியவை தூக்கம் குறைந்தவை. செட்டிரிசின் நடுவில்: பலருக்குத் தூக்கம் வராது, சிலருக்கு நன்றாகவே வரும். முதல் முறை போடும் நாளில் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

சைனஸ் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் தந்தார்கள்...

கிளாரித்ரோமைசினா என்று பாருங்கள். ஃபென்டனிலைக் கல்லீரலில் உடைக்கும் நொதியை அது முடக்கும். உடையாத ஃபென்டனில் ரத்தத்தில் தங்கும், மூச்சு மந்தம் நீளும். பூஞ்சைக்குத் தரும் கீட்டோகொனசோல், இட்ரகொனசோல், ஃப்ளூகொனசோலும் இப்படியே. எழுதித் தரும் மருத்துவர் வேறு ஆளாக இருந்தால் ஃபென்டனில் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். பெயரைப் பார்த்து நம் திராட்சை என்று எண்ண வேண்டாம், பம்பளிமாஸின் உறவு அது.

மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறது.

சிந்திச் சிந்தி உள்ளே புண்ணாகி ஓரிரு துளி வருவது வேறு. திரும்பத் திரும்ப வந்தால் இன்ஸ்டனில் கூடவே கூடாது. முகத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் அதே. பெக்ஃபென்ட்டிலும் இப்படி ஆனால் வேறு வடிவத்துக்கு மாறுவதை யோசிப்பார்கள். கன்னத்துக்கு உள்ளே அல்லது நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் ஃபென்டனில் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மூக்கு தேவையில்லை, மகரந்தமும் தொல்லை தராது. பருவம் முழுக்க மூக்கோடு போராடுகிறவர்களுக்கு இந்த மாற்றத்தை நானே மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். ஆனால் இங்கும் அளவை முதலிலிருந்தே பிடிக்க வேண்டும்.

கூடிப் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? அப்போது என்ன செய்வது?

எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார், அல்லது எழுந்த அடுத்த நொடி மறுபடி சரிவார். மூச்சு மெதுவாக, இடைவெளி விட்டு வரும். குறட்டை போலக் கரகரக்கும். உதடு நீலம் பாயும். கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருக்கும். பிரிட்டனில் 999, இந்தியாவில் 108, உடனே. ஆம்புலன்ஸ் வரும் வரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மூச்சு விடச் சொல்லிக்கொண்டே இருங்கள். தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

முறிமருந்தான நலாக்ஸோனும் மூக்கு ஸ்பிரேயாக வருகிறது. வீட்டில் தந்திருந்தால், மூக்கு ஒழுகுகிறதே என்று தயங்காமல் அடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் உறிஞ்சத் தேவையில்லாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் இரண்டாவதை மற்றப் பக்கம் அடியுங்கள். நலாக்ஸோன் ஃபென்டனில் பட்டியைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் கண் விழித்துவிட்டாலும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தீர்ந்த பாட்டிலை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். பூட்டிக்கொண்ட பாட்டிலிலும் அடியில் கொஞ்சம் மருந்து இருக்கும், ஒரு குழந்தைக்கு அதுவே அதிகம். பெக்ஃபென்ட்டை அதன் குழந்தைப் பூட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து ஃபார்மசிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பாதி மிச்சம் இருந்தாலும், நோயாளி இறந்துபோய் மீந்ததாக இருந்தாலும் வாங்கிக்கொள்வோம். கூடவே அலமாரியில் கிடக்கும் அந்த ஓட்ரிவின் பாட்டிலையும் எடுத்து வாருங்கள், தேதி பார்த்துச் சொல்கிறேன். பெரும்பாலும் போன வருடத்தோடு முடிந்திருக்கும்.